அத்தை கேட்டுக்கொண்டிருந்த தொடர்கதை

நம் தளத்தில் கதைகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், போன வாரம் என்னை அழைத்து, இத்தனை வருடம் கதைகளை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் மதியச் சாப்பாடு முடித்துப் பாயில் சாய்ந்திருந்தேன். படுத்துக்கொண்டுதான் பார்த்தேன் என்றேன். கிழவி நக்கல் செய்கிறாள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, சட்டென்று போனை வைத்துவிட்டார். நான் சொன்னது உண்மை. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் உதவும்.

கதை எழுதப் பழகுகிறவர்களுக்காக நடக்கிற இணையதளம் நம்முடையது. எழுதுகிறவர்கள் அத்தியாயத்தை ஏற்றுகிறார்கள், நாம் படித்துக் கருத்துச் சொல்கிறோம். ஆபீஸ் என்று பெரம்பலூரில் ஒரு மாடி அறை இருக்கிறது. அங்கே நாற்காலிகளைவிட சார்ஜர்கள்தான் அதிகம். நான் அரியலூரில் என் வீட்டிலிருந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தளத்தில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கதை தொடங்குவது பற்றிய பாடம், உரையாடல் பற்றிய பாடம், வாராந்திரப் பயிற்சி, வட்டாரச் சொற்களின் தொகுப்பு, இணையவழியே நடக்கும் சனிக்கிழமைக் கூடுகை. எல்லாம் இலவசம். எல்லாம் நல்லவை. நானே சில பாடங்களை எழுதியிருக்கிறேன், அதனால் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பாடத்தை அப்படியே விழுங்குகிறவர்கள் உண்டு. ஒருமுறை ஐம்புலன்களையும் கதைக்குள் கொண்டுவருவது எப்படி என்று ஒரு பாடம் போட்டோம். அதில் உதாரணத்துக்கு மல்லிகை வாசனை என்று எழுதியிருந்தோம். அந்த வாரம் வந்த கதைகள் எல்லாவற்றிலும் முதல் பத்தியிலேயே மல்லிகை மணத்தது. ஆஸ்பத்திரியில் மல்லிகை, தாலுகா ஆபீஸில் மல்லிகை, லாரி டிரைவர் கதையிலும் மல்லிகை. வேப்பந்தட்டையிலிருந்து வந்த ஒரே ஒரு கதையில் மட்டும் மழையில் நனைந்து அழுகத் தொடங்கிய சின்ன வெங்காயத்தின் வாடை அடித்தது. எழுதியவள் பெயர் செல்வி. நான் சொல்லப்போவது அவள் எழுதிய ஒரு தொடர்கதையைப் பற்றித்தான்.

அதற்கு முன் என் படுக்கை விஷயத்தை முடித்துவிடுகிறேன். போனில் எழுத்தை வாசித்துக் காட்டும் குரல் ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் கதைகளைக் கொடுப்பேன். அந்தக் குரலுக்கு ராகம் கிடையாது. இழவு வீட்டையும் கல்யாண வீட்டையும் ஒரே தொனியில் வாசிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், எழுதியவரின் உழைப்பு எங்கே நிற்கிறது, எங்கே வெறும் அலங்காரம் என்று தானாகத் தெரிந்துவிடும். கதை எழுதுகிறவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் உதவிகளில் எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்தது வேறு இல்லை. அரியலூர் மதியத்தில் மின்விசிறி சுற்றும், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் தூரத்தில் போகும், ஜன்னல் கம்பி மெல்ல அதிரும். எங்கள் தெருவுக்கு அடியில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாகச் சொல்வார்கள். கிணறு வெட்டினால் சிப்பி கிடைக்கும். அரைத்தூக்கத்தில் மின்விசிறியின் ஓசையே அந்தக் கடலாகிவிடும். யார் யாரோ எழுதிய மனிதர்கள் என் பாயைச் சுற்றி நடந்து போவார்கள். நான் முழுதாகத் தூங்கிப்போனால் அந்த இடத்தில் கதையில் ஏதோ கோளாறு என்று குறித்துக்கொள்வேன். இதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், நம்புங்கள்.

செல்வியின் கதையில் நான் தூங்கவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன ஒருவனின் கதை அது. வடக்கே பெயர் தெரியாத ஒரு ஊரில் விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறான். முதல் சில அத்தியாயங்கள் சுமார்தான். அவன் நல்லவன், பாவப்பட்டவன், அவ்வளவுதான் தெரிந்தது. பிறகு திடீரென்று அவனுக்கு உயிர் வந்தது. சோற்றில் முதலில் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் குழம்பு கேட்டான். ஒரு தடவை நாய் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து செருப்பை வாசலில் விடாமல் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். தூக்கத்தில் காலை ஆட்டினான். ஒரு மதியம் அவன் என் அறை மூலையில் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். நான் பார்த்தேன்.

இதெல்லாம் எந்தப் பாடத்தில் கற்றுக்கொண்டாய் என்று செல்வியை அழைத்துக் கேட்டேன்.  "அத்தை சொல்லிக் குடுத்தாங்கக்கா" என்றாள்.

அத்தை என்றால் அவள் மாமியார். எழுதப் படிக்கத் தெரியாது. செல்வி தன் கதை காதுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க, நம் பாடத்தில் சொன்னபடி, போன் குரலில் வாசிக்க விட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்த அத்தை, இரண்டு மூன்று நாள் பேசாமல் கேட்டுவிட்டு, ஒருநாள், அவன் மோரைத்தானே முதலில் ஊற்றுவான் என்று சொல்லியிருக்கிறார். கதையில் வருகிறவனுக்குச் செல்வி வேறு பெயர்தான் வைத்திருந்தாள். அவன் யார் என்று அத்தை கண்டுபிடித்துவிட்டார். அது அவருடைய சின்ன மகன், செல்வியின் கொழுந்தன். ஏதோ ஒரு சண்டையில் அம்மா, போ என்று சொல்ல, போய்விட்டான். வருடக்கணக்காகத் தகவல் இல்லை.

அதோடு இன்னொன்றும் சொன்னாள். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண் ஏறக்குறைய போய்விட்டது. இனிமேலும் தள்ளிப்போட்டால் மற்றதும் கெட்டுவிடும் என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தங்கவேண்டும். அத்தை முடியாது என்றுவிட்டார். அவன் போன நாளிலிருந்து அவர் வேறெங்கும் ராத் தங்கியதில்லை. உறவில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் போய்த் தலையைக் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். நாங்கள் வீட்டில் இருக்கிறோமே, நாங்கள் கதவைத் திறக்கமாட்டோமா என்று மகனும் மருமகளும் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். நான் போகச் சொல்லிப் போனவன், நான் கதவைத் திறந்தால்தான் உள்ளே வருவான், வேறு யார் திறந்தாலும் திரும்பிப் போய்விடுவான் என்பதே அத்தையின் பதில். 

செல்விக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கதை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. கதையில் அவனைத் திரும்ப வரவைத்தால் அத்தை மறுநாளிலிருந்து வாசலைவிட்டு அசையமாட்டார். வராமல் முடித்தால், தன் வாயாலேயே அவன் வரமாட்டான் என்று சொன்னதுபோல ஆகிவிடும். முடிக்காமல் விடலாம் என்றால் வாசகர்கள் அடுத்தது எப்போது என்று தினமும் கேட்கிறார்கள், அத்தையும் கேட்கிறார். அவள் கணவர் இந்த விளையாட்டை நிறுத்து என்று சத்தம் போட்டிருக்கிறார். இரண்டு முடிவையும் எழுதி வைத்துக்கொண்டு, சனிக்கிழமைக் கூடுகையில் விவாதிக்கலாமா என்று கேட்டாள். நானும் சரி என்றேன். கதையைப் பற்றித்தானே பேசப்போகிறோம் என்று நினைத்தேன்.

கூடுகையின் விதி உங்களுக்குத் தெரியும். யாருடைய கதையைப் பேசுகிறோமோ அவர் மைக்கை மூடி வைத்துவிடவேண்டும். எல்லோரும் பேசி முடிக்கும்வரை ஒரு வார்த்தை விளக்கம் சொல்லக் கூடாது. நல்ல விதி. எழுதியவர் பக்கத்தில் நின்று வக்காலத்து வாங்காதபோதுதான் கதை என்ன சொல்கிறது என்று தெரியும். அந்தச் சனிக்கிழமையும் செல்வி மைக்கை மூடிக்கொண்டாள். தா.பழூரிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண், அவன் வந்தே ஆகவேண்டும், வராவிட்டால் நான் ஒரு வாரம் சாப்பிடமாட்டேன் என்றாள். ஜெயங்கொண்டத்தில் பேங்கில் வேலை செய்யும் சார் ஒருவர் இருந்தார். கூர்மையான வாசகர், எல்லாக் கதைகளையும் இரண்டு முறை படித்துவிட்டு வருவார். அவர், வாசகர் கேட்பதையே கொடுப்பது முடிவாகாது என்ற நம் பாடத்தை எடுத்துச் சொன்னார். வரவும் வேண்டாம், வராமல் தொங்கலில் விடவும் வேண்டாம் என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"அவன் அங்கேயே செத்துப்போயிருக்கணும். அது அவனோட அம்மாவுக்குத் தெரியாமலே இருக்கணும். அப்பதான் இது கதை."

அந்த நேரத்தில்தான் எனக்கு மட்டும் தனியாகச் செல்வியின் செய்தி வந்தது. "அக்கா, அத்தை பக்கத்துலதான் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எந்திரிச்சுப் போகச் சொன்னா போக மாட்டேங்கிறாங்க."

 சாரின் மீது எந்தத் தவறும் இல்லை. அவருக்கு அது ஒரு பாத்திரம். நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம், அவனைக் கொன்றுவிடு, அவளைப் பைத்தியமாக்கு, குழந்தையை எடுத்துவிடு என்று டீ குடித்துக்கொண்டே சொல்வோம். நம் தொழிலில் ஒட்டிக்கொண்ட வாய்ப்பழக்கம் அது. கதைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரையில் தெரியாது. இதை மட்டும் நீங்கள் மறக்கக் கூடாது.

என்னென்னவோ செய்யத் தோன்றியது. கரண்ட் போய்விட்டது என்று கூடுகையை முடித்துவிடலாம். பேச்சை மாற்றிவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் அந்த அம்மாவின் காதில் கடைசியாக விழுந்த வாக்கியம், செத்துப்போயிருக்கணும் என்பதாகத்தான் இருக்கும். அதோடு அவரை விட்டுவிட்டு நான் எழுந்து காபி போடப் போக முடியுமா? உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தேன். சொன்னால் சார் குறுகிப்போவார், எல்லோரும் இரக்கப்படத் தொடங்குவார்கள், அத்தை கேட்காத ஆறுதலெல்லாம் ஸ்பீக்கர் வழியாக அவர் வீட்டுக்குள் போய்க் கொட்டும். அவருடைய துக்கத்தை ஊருக்குச் சொல்ல நான் யார்?

விதியை மீறினேன். செல்வியை மைக்கைத் திறக்கச் சொன்னேன். மற்றவர்களிடம், நம்மோடு ஒரு வாசகர் இருக்கிறார், முதலிலிருந்தே இந்தக் கதையைக் கேட்டுவருகிறார், அவரையும் கேட்டுவிடுவோம் என்று மட்டும் சொன்னேன்.

மைக் திறந்ததும் ஒரு வீட்டின் சத்தம் எங்கள் எல்லோர் வீட்டுக்குள்ளும் வந்தது. வெங்காயத் தாள் சரசரத்தது. எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. தூரத்தில் மக்காச்சோளக் காட்டில் காற்று போய்க்கொண்டிருந்தது.  நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு அப்படித்தான் காது நன்றாகக் கேட்கும்.

"யாரு, என்னையா கேக்குறீங்க?" என்றார் அத்தை.

ஆமாம் என்றேன். கதையின் கடைசியில் என்ன நடக்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது, சொல்லுங்கள் என்றேன். வெங்காயச் சத்தம் நின்றது.

"வரட்டும்" என்றார். தா.பழூர்ப் பெண் சந்தோஷத்தில் கையைத் தட்டினாள். நான் பயந்தேன். செல்வி எதற்குப் பயந்தாளோ அதுதான் நடக்கப்போகிறது, இனி இவர் அந்த வாசலைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று நினைத்தேன். அத்தை இன்னும் முடிக்கவில்லை.

"வரட்டும். ஆனா வர்றப்ப அவங்கம்மா வூட்ல இருக்கக் கூடாது. வூடு பூட்டிக் கெடக்கணும். அவ சோளக்காட்டுல களை எடுத்துக்கிட்டு நிக்கிறா. யாராவது வந்து சொல்லட்டும், ஒம்மவன் வந்து வாசல்ல நிக்கிறான்னு. அவ ஓடக் கூடாது. புடிச்ச பாத்திய முடிச்சுட்டுத்தான் வரணும். அவன் ஒக்காந்திருக்கட்டும்."

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். அதுவரை அவரைப் பற்றிக் கேட்டதில் எனக்கு ஏக்கம் மட்டும்தான் தெரிந்திருந்தது. ஒரு தாய்க்கு மகன்மேல் கோபம் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, செல்விக்கும் தோன்றவில்லை, எங்கள் இரண்டு முடிவுகளிலும் அதற்கு இடம் இல்லை.

பேங்க் சார்தான் அடுத்துப் பேசினார். அவர் குரல் மாறியிருந்தது. அவருக்கு விஷயம் புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதை எழுதுகிற இன்னொருவரிடம் கேட்பதுபோல, மரியாதையாகக் கேட்டார். "எவ்வளவு நேரம்மா உக்காந்திருக்கணும்?"

"அவளுக்கு மனசு வர்ற வரைக்கும்" என்றார் அத்தை. அதற்குப் பிறகு வெங்காயச் சத்தம் மறுபடி தொடங்கியது. அன்று கூடுகையை நான் அங்கேயே முடித்தேன். பாராட்டோ நன்றியோ சொல்லிக் கெடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே செல்வி அழைத்தாள். அழுதாளா சிரித்தாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவங்களுக்குக் கொழுந்தன்மேல் கோபமே கிடையாதுன்னு நெனச்சேன்க்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எப்படி எழுதுவது என்று கேட்டாள். அவர் சொன்னபடி எழுது, எதையும் சேர்க்காதே, முக்கியமாகக் கட்டிப்பிடித்து அழவைக்காதே என்றேன். இத்தனை வருடத் தொழிலில் நான் கொடுத்த ஒரே நல்ல அறிவுரை அதுவாகத்தான் இருக்கும்.

மறுவாரம் கடைசி அத்தியாயம் வந்தது. மதியம் பாயில் படுத்து, போனை மார்மேல் வைத்துக் கேட்டேன். அவன் பஸ்ஸைவிட்டு இறங்கினான். பச்சைமலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். வீடு பூட்டியிருந்தது. அந்த ராகமில்லாத குரல் வாசிக்க வாசிக்க, அம்மா காட்டில் ஒவ்வொரு களையாகப் பிடுங்கிக்கொண்டே போனாள். ஒரு ஆள் வந்து சொன்னான். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். பாத்தி நீண்டுகொண்டே போனது. நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். அவன் வெயிலில் உட்கார்ந்திருந்தான், என் காலருகில்தான் உட்கார்ந்திருந்தான். எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடவேண்டும் என்று எனக்குக் கால் பரபரத்தது. சாவி என்னிடம் இல்லை. அவள் பம்ப்செட் தொட்டியில் கை கால் கழுவிக்கொண்டு வரப்பில் ஏறுகிற இடத்தில் கதை முடிந்தது. கண்ணைத் திறந்தபோது லாரி ஒன்று போய், ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது. கன்னம் நனைந்திருந்தது.

வாசகர்கள் சும்மா இருப்பார்களா? பெத்த தாய் இப்படியா இருப்பாள் என்று திட்டி எழுதினார்கள். சந்திக்கும் காட்சியை எழுதி ஒரு அத்தியாயம் கூட்டுங்கள் என்று கெஞ்சினார்கள். சேர்க்கட்டுமா என்று செல்வி கேட்டாள். உன் அத்தை என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்டு முடித்துவிட்டு, இன்னொரு தடவை போடு என்றாராம். அப்புறம் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாராம். அப்படியென்றால் ஒரு எழுத்தையும் தொடாதே என்றேன்.

கண் ஆபரேஷனைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க ஆசைதான். கதை எழுதினால் வாழ்க்கையில் அது நடக்கும், இது நடக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நானே அந்த ரகத்தில் சேர்ந்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. செல்வியும் அதைப் பற்றிப் பேசவில்லை, புதிய கதைக்கு ஒரு தொடக்கம் அனுப்பினாள், அதில் தேவையில்லாமல் ஒரு ரயில் வந்தது, எடுக்கச் சொன்னேன்.

பிறகு ஒரு காலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், என் வீட்டுக்காரரும் நானும் அத்தையும் என்றாள். முந்தின நாள் ராத்திரி அத்தையே, டாக்டர் என்னிக்கு வரச் சொன்னாரு என்று கேட்டிருக்கிறார். யாரும் காரணம் கேட்கவில்லை. விடிந்ததும் அத்தையே கதவைச் சாத்தி, தடவித் தடவிப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாராம். பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடிவந்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கக்கா, ஒருவேளை உங்க பையன் வந்துட்டா நான் திறந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அத்தை சொன்ன பதிலைச் செல்வி எனக்கு அப்படியே சொன்னாள்.

"வேணாம். வந்தா வாசல்ல ஒக்காரச் சொல்லு. குடிக்கத் தண்ணி மட்டும் குடு."